தொங்காரிரோ ட்ரௌட்: தக்கை அமிழ்கிறது, முள் ஏறமாட்டேன் என்கிறது

செந்தூல்காரன் எழுதியது:

வணக்கம். நம்மில் ஃப்ளை தூண்டில், அதாவது பூச்சிபோல் முள்ளில் கட்டிய செயற்கை இரையை வீசிப் பிடிக்கும் தூண்டில், போடுகிறவர்கள் குறைவுதான். இருந்தாலும் இங்கே யாராவது ஒருவருக்கு இது கைவந்திருக்கும் என்று நம்பிக் கேட்கிறேன்.

எனக்குக் கோலாலம்பூரில் செந்தூல். இதுவரை பிடித்ததெல்லாம் தெமெங்கோர் ஏரியில் செபாராவ், தோமான், அப்புறம் பேராக் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளில் பீகாக் பாஸ். 8 வெயிட் என்ற கனமான கம்பு, சின்ன மீன்போல் கட்டிய ஸ்ட்ரீமர் ஃப்ளை, இடது கையால் லைனை வெடுக்கென்று இழுத்து முள்ளை ஏற்றுவது, இதுதான் பழக்கம். என் மச்சான் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் குடியேறியிருக்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது இருவரும் காரில் துராங்கி வரை போய் தொங்காரிரோ ஆற்றில் இறங்கினோம். அங்கே அப்போது குளிர்காலம். தௌப்போ ஏரியிலிருந்து ரெயின்போ ட்ரௌட் முட்டையிட ஆற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

மீனுக்குக் குறைவில்லை. மேஜர் ஜோன்ஸ் மடுவிலும் சரி, ரெட் ஹட் மடுவிலும் சரி, தக்கை அடிக்கடி அமிழ்ந்தது. தூக்கினால் ஒன்றும் இருக்காது. சில நேரம் ஒரு கணம் கனக்கும், தலையை இரண்டு ஆட்டு ஆட்டும், உடனே லைன் தொளதொளவென்று ஆகிவிடும். முள் ஏறிய மீன்களும் எல்லாம் கரைக்கு வரவில்லை. சில தூண்டில் நரம்பை அறுத்தன, சில தண்ணீருக்கு மேலே எகிறி முள்ளை உதறின. பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் அதே தண்ணீரில் நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக வலையில் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கை அசைந்ததே தெரியவில்லை.

நான் பயன்படுத்தியது 6 வெயிட் கம்பு, மிதக்கும் லைன், கம்பளி நூல் தக்கை, டங்ஸ்டன் மணி வைத்த கனமான நிம்ஃப் (தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சிபோல் கட்டிய, அமிழும் ஃப்ளை) ஒன்று, அதன் பின்னால் 14ஆம் நம்பர் முள்ளில் ஃபெசன்ட் டெயில் என்ற சின்ன நிம்ஃப். டிப்பெட், அதாவது முள்ளைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு, 5எக்ஸ் அளவு.

வரும் ஜூலையில் மறுபடியும் போகிறோம். எப்போது சுண்டுவது, எந்தப் பக்கம் சுண்டுவது, ஏறிய மீனை எப்படிக் கரைக்குக் கொண்டுவருவது, இந்த மூன்றும்தான் எனக்குத் தெரியவேண்டும். கோலாலம்பூரிலேயே பழகிக்கொள்ள வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ரவாங்காரர் எழுதியது:

தம்பி, தொங்காரிரோவுக்கு நானும் குளிர்காலத்தில் போகிறவன். ட்ரௌட் என்றால் எனக்கு உயிர். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கை செபாராவுக்குப் பழகிய கை. செபாராவ் இரையை அடித்த கையோடு திரும்பி ஓடும். அந்த ஓட்டத்திலேயே லைன் விறைத்துவிடும், நீங்கள் இழுக்கும் இழுப்பு நேராக முள்ளுக்குப் போய்ச் சேரும். ட்ரௌட் குளிர்ந்த ஆற்றில் அப்படி ஓடி இரை தேடாது. நீரோட்டத்தைப் பார்த்தபடி ஒரு பாறைக்குப் பின்னாலோ பள்ளத்திலோ நிற்கும். மிதந்து வருவதைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். தின்னும் பொருள் இல்லை என்று தெரிந்தால் உடனே துப்பிவிடும். அதற்கு வாய்தான் விரல், எதையும் வாயில் வாங்கித்தான் தொட்டுப் பார்க்கும். உறிஞ்சுவதற்கும் துப்புவதற்கும் நடுவே உள்ள அந்தச் சிறிய நேரத்துக்குள் நம் முள் அசைய வேண்டும்.

தக்கை அமிழ்ந்ததும் தூக்கினேன் என்கிறீர்கள். தக்கை அமிழும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும். முள்ளிலிருந்து தக்கை வரை உள்ள நரம்பு தண்ணீருக்குள் நேராக நிற்பதில்லை, வளைந்துதான் கிடக்கும். அந்த வளைவு நிமிர்ந்த பிறகுதான் தக்கைக்குச் சேதியே வரும். அதற்குள் எத்தனையோ மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். ஆகையால் அமிழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வந்துகொண்டிருந்த வேகத்திலிருந்து தக்கை சற்றுத் தளர்ந்தால் சுண்டுங்கள். ஒரு கணம் நின்றால் சுண்டுங்கள். காரணமில்லாமல் பக்கவாட்டில் ஒதுங்கினாலும் சுண்டுங்கள். கல்லில் தட்டியதாகவும் இருக்கலாம், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாக ஓடும். ஃப்ளை சரியான ஆழத்தில் போனால் தக்கை, பக்கத்தில் மிதக்கும் நுரையைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். நுரையோடு சேர்ந்தோ அதை முந்தியோ ஓடினால் உங்கள் நிம்ஃப் அடிக்குப் போகவே இல்லை. தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள தூரம் தண்ணீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

இனி தொய்வுக்கு வருகிறேன். நான் எதையாவது அடித்துச் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன். முள் ஏறாததற்குக் கை வேகம் போதாதது காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கை வேகமாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் லைன் வில்லாக வளைந்து கிடக்கிறது, நீங்கள் கம்பைத் தூக்கும் தூக்கு முழுவதும் அந்த வளைவை நிமிர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. முள்வரைக்கும் மிச்சம் ஒன்றும் போவதில்லை. பதினைந்து மீட்டர் வீசி, லைன் தண்ணீரில் தொங்கிக்கொண்டு கிடந்தால் என்ன வேகமாகத் தூக்கியும் பயனில்லை. அந்த உள்ளூர்ப் பெரியவரின் கை அசைந்தது தெரியவில்லை என்றீர்களே, அவருடைய லைனில் தொய்வே இருந்திருக்காது. அதனால் அசையத் தேவைப்படவில்லை.

என்ன செய்யலாம்? முதலில், கிட்டப் போங்கள். நீர் கலங்கியோ சுழித்தோ ஓடும் இடத்தில் மீனுக்கு நம்மைப் பார்ப்பது கடினம், எட்டு ஒன்பது மீட்டரில் நின்றே பிடிக்கலாம். சற்று ஆற்றின் மேற்புறமாக, நீர் வரும் திசையில் வீசுங்கள். வீசியதும் வலது கையின் ஆட்காட்டி விரலைப் பாருங்கள். லைன் அந்த விரலுக்கும் கார்க் பிடிக்கும் இடையே போகவேண்டும். விரல் லைனை அழுத்தக்கூடாது, சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நனைந்த லைன் விரலில் வழுக்கிக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியவேண்டும். இடது கை எப்போதும் அந்த விரலுக்குப் பின்னாலிருந்து லைனைப் பற்றும். தக்கை உங்களை நோக்கி வர வர, அது வரும் அதே வேகத்தில் ஒரு சாண், ஒரு சாணாக இழுத்து விடுங்கள். விரைந்து இழுத்தால் ஃப்ளை இழுபடும், மெதுவாக இழுத்தால் தொய்வு விழும். தக்கை உங்களைத் தாண்டிக் கீழே போகத் தொடங்கும்போது இழுத்ததையெல்லாம் அதே விரல் வழியாக மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள். தக்கையைத் தூண்டிலோடு அசைக்காமல் லைனின் வயிற்றை மட்டும் மேற்புறமாகத் தூக்கி வைப்பதற்கு மெண்ட் என்று பெயர். வீசியவுடன் ஒரு மெண்ட் போட்டுவிடுங்கள். சுண்டும் நேரத்தில் ஆட்காட்டி விரல் லைனை கார்க்கோடு சேர்த்து இறுக்கும், கம்பு நகரும், இடது கை ஒரு சாண் பின்னுக்கு இழுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். உங்களுடைய பீகாக் பாஸ் இழுப்பு இங்கே பாதியாக உதவும், வீணாகாது.

பக்கம் பற்றிக் கேட்டீர்கள். மீன் மேற்புறம் பார்த்து நிற்கிறது. கம்பை நேராக மேலே தூக்கினால் திறந்த வாயிலிருந்து முள் மேலேயோ முன்னாலோ உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பைத் தண்ணீருக்குக் கிட்டவே, பக்கவாட்டில், நீரோட்டம் போகும் திசையில் சுண்டுங்கள். அப்போது முள் பின்னுக்குப் போய்க் கடைவாயில் பதியும். கடைவாயில் பதிந்த முள் எளிதில் கழலாது. மீன் உங்களுக்கு நேர் கீழே நிற்கும்போது கவ்வினால் நம் இழுப்பு எந்தப் பக்கம் போனாலும் வாய்க்கு வெளியேதான் போகும், அங்கே சறுக்குவது சகஜம். அதனால்தான் மேற்புறமாக வீசச் சொல்கிறேன்.

சுண்டும் தூரம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். 14ஆம் நம்பர் முள் கூராக இருந்தால் சின்ன அசைவே போதும். கூர் இருக்கிறதா என்பதைக் கட்டைவிரல் நகத்தில் பாருங்கள். முனையை நகத்தின்மேல் மெல்ல இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், வழுக்கினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். தொங்காரிரோவின் அடி முழுக்க உருண்டைப் பாறை. ஒரு தட்டு தட்டினாலே முனை மடங்கும். நான் ஒவ்வொரு மடுவுக்கும் போனவுடன் நகத்தில் பார்த்துவிட்டுத்தான் வீசுவேன். சட்டைப் பையில் ஒரு சின்ன அரம் கிடக்கும்.

கோலாலம்பூரில் பழக என்ன வழி என்றால், திலாப்பியா. இளக்காரமாக நினைக்காதீர்கள். காசு கட்டிப் பிடிக்கும் குளங்களிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் இருக்கிறது. அதுவும் உறிஞ்சித் துப்பும் மீன்தான். பட்டாணி அளவு தக்கை, 14ஆம் நம்பர் நிம்ஃப், மெல்லிய கம்பு. தக்கையில் வரும் நடுக்கத்தைப் பார்த்துச் சுண்டக் கற்றுக்கொண்டால் ட்ரௌட்டுக்குப் பாதி வேலை முடிந்தது. ஓடும் தண்ணீரில் மெண்ட் பழக கோலகுபு பாருப் பக்கம் சிலாங்கூர் ஆற்றுக்குப் போகலாம். முள்ளை நறுக்கிவிட்ட ஃப்ளையை வைத்துக்கொண்டு லைனை மட்டும் பழகினாலே போதும். சிலிங் ஆற்றுக்குள் மட்டும் கம்பைக் கொண்டுபோகாதீர்கள், அது கெலா மீன் சரணாலயம்.

பாலிக் புலாவ் அக்கா எழுதியது:

ரவாங் அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, இரண்டு இடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பினாங்கில் கடலில் தாலாங் பிடிப்பவள், ட்ரௌட்டுக்கு நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போவேன்.

உடனே சுண்டு என்பது நிம்ஃபுக்கு மட்டும்தான். தம்பி மேலே மிதக்கும் டிரை ஃப்ளை போட்டால் அந்த அவசரமே எதிரியாகிவிடும். தென் தீவில் பெரிய பிரௌன் ட்ரௌட் அடியிலிருந்து மெல்ல மேலே வரும். மூக்கு தெரியும், வெள்ளை வாய் திறக்கும், ஃப்ளை மறையும். அந்தக் கணத்தில் நம் கை துடிக்கும். தூக்கினால் திறந்த வாயிலிருந்து உருவி எடுத்துவிடுவோம். அது வாயை மூடி, தலையைக் கீழே சாய்த்துத் திரும்பும் வரை விட்டுவிட வேண்டும். அங்குள்ள வழிகாட்டிகள் 'காட் சேவ் த குயின்' என்று முழுதாகச் சொல்லிவிட்டுத் தூக்கு என்பார்கள். நான் அதற்குப் பதில் 'முருகா முருகா' என்று நிதானமாகச் சொல்லிக்கொள்வேன், அளவு சரியாகவே வரும். வேகமாக ஓடும் ஆழமில்லாத தண்ணீரில் சின்ன ரெயின்போ வந்து கொத்தினால் இவ்வளவு காத்திருக்க முடியாது, அங்கே உடனே தூக்கலாம்.

ஸ்ட்ரீமருக்குத் தம்பியின் பழைய பழக்கமே சரி. தௌப்போவில் ஆறு ஏரியில் கலக்கும் முகத்துவாரங்களில் இரவில் ஸ்ட்ரீமர் போடுவது பழைய வழக்கம். வைதஹானுயியில் ஆட்கள் தண்ணீருக்குள் தோளோடு தோளாக வரிசையாய் நிற்பார்கள். அங்கே கம்பைத் தூக்கவே கூடாது. கம்பு நுனி மீனை நோக்கியபடி இருக்க, இடது கையால் நீட்டி ஓர் இழுப்பு. முள் ஏறாவிட்டாலும் ஃப்ளை கொஞ்ச தூரம்தான் நகர்ந்திருக்கும், அதே மீன் திரும்ப வந்து கவ்வலாம். கம்பைத் தூக்கியிருந்தால் ஃப்ளை அதன் கண்ணைவிட்டே போயிருக்கும்.

இனி அறுந்துபோவது. தம்பி, 5எக்ஸ் என்பது அந்த ஆற்றுக்கு மெலிது. 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் நரம்பின் கனம் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, சுமார் 0.15 மில்லிமீட்டர். 3எக்ஸ் ஆயிரத்தில் 8, சுமார் 0.20. குளிர்காலத்தில், அதுவும் மழைக்குப் பிறகு தண்ணீர் நிறம் மாறியிருக்கும்போது 3எக்ஸ் தாராளமாகப் போடலாம். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே வலு போய்விடும்.

கம்பு எவ்வளவு இழுக்கிறது என்பதை வீட்டிலேயே பாருங்கள். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசு எல்லார் வீட்டிலும் இருக்கும். லைன் முனையில் கட்டும் லீடர் நரம்பின் நுனியை அதில் கட்டி யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திடலில் பத்து மீட்டர் தள்ளிப் போய்க் கம்பை நெட்டுக்குத்தாக நிறுத்தி இழுங்கள். கம்பு அழகாக வளையும், உங்கள் கை நோகும், தராசோ அற்பமாகத்தான் காட்டும். அடுத்து கம்பைச் சாய்த்து, நுனியை விட்டு அடிப்பாகம் வளையும்படி பக்கவாட்டில் இழுங்கள். எண் ஏறுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மீனை அடக்குவது கம்பின் அடிப்பாகம். நுனியின் வேலை நரம்பைக் காப்பது.

செந்தூல்காரன் எழுதியது:

அண்ணே, அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன தராசுச் சோதனையை நேற்று மாலையே எங்கள் தாமான் திடலில் செய்து பார்த்தோம். வீட்டுக்காரி தராசைப் பிடித்துக்கொண்டாள். கம்பை உயர்த்தி நான் இழுத்த இழுப்புக்கு ஒரு கைப்பை கனம்கூடக் காட்டவில்லை என்றாள். கம்பைப் பக்கவாட்டில் சாய்த்ததும் அவளே ஓர் அடி முன்னால் வந்துவிட்டாள். அங்கே நான் முழு நேரமும் கம்பை வானத்தைப் பார்த்துத்தான் பிடித்திருந்தேன்.

ஒரு சந்தேகம். தொங்காரிரோவில் மீன் ஏறியதும் நேராகக் கீழே வெள்ளைத் தண்ணீருக்குள் ஓடிவிடுகிறது. தெமெங்கோரில் செபாராவ் மூழ்கிய மரக்கட்டைக்குள் போய்விடும் என்று லைனை இறுகப் பிடித்துப் பழகியிருக்கிறோம். இங்கே பிடித்தால் அறுகிறது, விட்டால் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது? முள்ளின் கொளுவியை, அதாவது முனைக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை, நசுக்கிவிடுவது நல்லதா என்றும் சொல்லுங்கள்.

ரவாங்காரர் எழுதியது:

நல்ல கேள்வி. செபாராவை இறுக்கித்தான் ஆகவேண்டும், அந்த ஏரியில் அதற்கு வேறு வழி கிடையாது. ட்ரௌட் ஆற்றில் கட்டை குறைவு, இடம் தாராளம். முதல் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். சுண்டியவுடன் காலடியில் சுருண்டு கிடக்கும் லைனை மீனே இழுத்துக்கொண்டு போகட்டும். அது விரல் வழியாக வழுக்கிப் போகும்போது காலிலோ ரீல் கைப்பிடியிலோ சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். லைன் ரீலுக்கு வந்துவிட்டால் இடது கையை எடுத்துவிடுங்கள். ரீலின் இழுப்புத் தடையை நரம்பு அறுபடும் அளவுக்கு வெகு கீழே வைத்திருக்க வேண்டும். மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள், அது நிற்கும்போது சுற்றுங்கள். இந்த ஒழுங்கு கைக்கு வந்துவிட்டால் அறுபடுவது வெகுவாகக் குறையும்.

மீன் கீழே போனால் நீங்களும் கரையோடு கீழே நடங்கள். மீனுக்கு மேலே நின்று இழுத்தால் மீனோடு ஆற்றையும் சேர்த்து இழுக்கிறீர்கள். எதிரிலோ அதற்குக் கீழேயோ போய்விட்டால் ஆறு உங்கள் பக்கம் வந்துவிடும். அந்த மீன் நீரோட்டத்தையும் எதிர்க்கவேண்டும், உங்களையும் எதிர்க்கவேண்டும், சீக்கிரம் களைக்கும். பக்கவாட்டு இழுப்பை அவ்வப்போது மாற்றுங்கள். அது இடப்பக்கம் தலை திருப்பினால் கம்பை வலப்பக்கம் சாயுங்கள். தலை எங்கே போகிறதோ உடல் அங்கேதான் போகும், ஆகையால் தலையைத் திருப்புவதே குறி.

பாறை, மரம் என்று கரையில் நடக்க வழியில்லாத இடத்தில் ஒரு பழைய உத்தி உண்டு. இழுப்பதை நிறுத்திவிட்டு ரீலிலிருந்து லைனை உருவித் தண்ணீரில் விடுங்கள். நீரோட்டம் அந்த லைனை மீனைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் ஒரு வளையமாக இழுக்கும். கீழேயிருந்து யாரோ இழுப்பதாக மீனுக்குத் தோன்றும், பல நேரம் அது மேல்நோக்கி நீந்த ஆரம்பிக்கும். முதல்முறை செய்யும்போது மனசு ஒப்பாது, மீன் போயே போய்விட்டது என்றுதான் தோன்றும். நம்பிச் செய்யுங்கள்.

எகிறும்போது கம்பு நுனியை உடனே தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். மீன் காற்றில் இருக்கும்போது அதன் முழு எடையும் நரம்பில் விழும், விறைப்பாக வைத்திருந்தால் முள் பிய்த்துக்கொள்ளும். தண்ணீருக்குள் விழுந்ததும் மறுபடி சாய்த்து இறுக்கம் கொடுங்கள்.

கொளுவியை நசுக்குங்கள், தயங்காதீர்கள். மீனைத் திரும்ப விடுகிறவர்கள் எல்லாரும் செய்யவேண்டியது அது. சின்ன முள்ளில் கொளுவி ஒரு தடையும்கூட. அது இல்லாவிட்டால் குறைந்த இழுப்பிலேயே முள் முழுதாக இறங்கும். இடுக்கியால் ஒரு அழுத்து, வேலை முடிந்தது. இறுக்கத்தை மட்டும் விடாமல் காக்கவேண்டும். தொய்வு விழாமல் பழகுகிறவருக்கு அது கஷ்டமில்லை.

வலையோடு மீனைத் துரத்தாதீர்கள். கரைக்கு வந்து தப்பும் மீன்களில் பாதி வலையைப் பார்த்து மிரண்ட மீன். ரப்பர் வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடியுங்கள், மீனின் தலையை நீர்மட்டத்துக்கு உயர்த்தி அதன்மேல் சறுக்கிக் கொண்டுவாருங்கள், தலை முதலில் நுழையட்டும். வாலிலிருந்து அள்ளப் போனால் வால் பட்டவுடன் பாய்ந்துவிடும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அது போனால் மீனுக்கு நோய் பிடிக்கும். விடும்போது முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள், தானாக நீந்திப் போகட்டும். கோடையில் அங்கே போனால் தண்ணீரின் சூட்டையும் பாருங்கள். 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் ட்ரௌட்டை அன்று தொந்தரவு செய்யக்கூடாது, விட்டாலும் பிழைப்பது கடினம்.

கிள்ளான் தூண்டில் எழுதியது:

தூண்டில் விஷயம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பயணத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு சொல்கிறேன். தௌப்போ வட்டாரத்துக்குத் தனி உரிமம். நியூசிலாந்தின் மற்ற இடங்களுக்கு எடுக்கும் மீன்பிடி உரிமம் அங்கே செல்லாது. அடியில் கம்பளி ஒட்டிய ஆற்றுக் காலணியை அந்த நாட்டில் 2008இல் தடை செய்தார்கள். டிடிமோ என்ற பாசி ஆற்றுக்கு ஆறு பரவாமல் இருக்கத்தான் அந்த விதி. ரப்பர் அடி உள்ளதாகப் பாருங்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில் பயன்படுத்திய மீன்பிடிச் சாமான் இருக்கிறது என்று பயணி அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். தெமெங்கோர் சேறு ஒட்டிய காலணியோடு போய் நிற்காதீர்கள், இங்கேயே தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

செந்தூல்காரன் எழுதியது:

3எக்ஸ் வாங்கிவிட்டேன், காலணியும் கழுவியாகிவிட்டது. ரவாங் அண்ணே, திலாப்பியாவுக்கு உங்களோடு ஒருநாள் வரலாமா? ஆட்காட்டி விரல் விஷயத்தைப் படித்தேன், ஆனால் நேரில் பார்த்தால்தான் பிடிபடும்போல் இருக்கிறது.

ரவாங்காரர் எழுதியது:

தாராளமாக வாருங்கள் தம்பி. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் குளத்தில் இருப்பேன், வெயில் ஏறிவிட்டால் திலாப்பியா ஆழத்துக்குப் போய்விடும். பசியாறிவிட்டு வாருங்கள், அங்கே கடை திறக்க நேரமாகும். 4 வெயிட் கம்பு என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. உங்கள் 14ஆம் நம்பர் ஃபெசன்ட் டெயிலை மட்டும் கொளுவி நசுக்கிக் கொண்டுவாருங்கள். தராசையும் மறக்காதீர்கள், இழுப்புத் தடையை அதிலேயே அளந்து வைத்துவிடலாம்.